தூண்டிலின் கடைசி முழம்

(பண்ணை ஒலிபரப்பில் வேளாண் விரிவாக்க அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



விதை, உரம், பூச்சி மருந்து என்று பேச வருகிற ஆள் இன்றைக்குத் தூண்டிலைப் பற்றிப் பேசப் போகிறான் என்றதும் உங்களில் சிலர் சிரிக்கலாம். ஆனால் காரணம் இருக்கிறது. பண்ணைக் குட்டை வெட்டி மழை நீரைத் தேக்கியிருப்பவர்கள் பலர் அதிலேயே கெண்டைக் குஞ்சு விட்டு வளர்க்கிறார்கள். ஆள் வைத்து வலை இழுத்து மொத்தமாகப் பிடிப்பது வருஷத்துக்கு ஒரு தடவையோ இரண்டு தடவையோதான். நடுவிலே மாப்பிள்ளை வந்தார், சம்பந்தி வந்தார் என்றால் ஒரு மீனுக்காகக் குட்டையைக் கலக்க முடியாது. அதற்குத் தூண்டில்தான் வசதி.

சென்ற கோடையில் அப்படிக் குட்டை வைத்திருக்கும் ஒரு விவசாயி என்னிடம் வந்தார். “சார், குஞ்சு நல்லாத்தான் வளந்திருக்கு. ரெண்டு கிலோ, ரெண்டரைக் கிலோ இருக்கும். முள்ளுல மாட்டுது, ஆனா கரைக்கு வர்றதில்ல. அறுத்துக்கிட்டுப் போயிடுது. இந்த ஒரு மாசத்துல ஆறு முள்ளு போச்சு” என்றார்.

“ஆறு முள் போச்சுன்னா, ஆறு மீன் வாயில முள்ளோட திரியுதுன்னுதானே அர்த்தம்?” என்று கேட்டேன். அவர் முள்ளின் விலையைத்தான் கணக்குப் பார்த்திருந்தார். மீனை நினைக்கவில்லை. முள் தைத்த மீன் சரியாக இரை எடுக்காது, இளைக்கும், புண் வைத்தால் சாகும். ஆறு மீன் என்றால் பன்னிரண்டு பதினைந்து கிலோ. முள் போனதை விட அதுதான் பெரிய நஷ்டம்.

தூண்டிலைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தேன். மூங்கில் கம்பு அருமையாக இருந்தது. தக்கை சரி. முள் கூர்மை. கோளாறு இருந்தது கடைசி ஒரு முழத்திலே. அந்த ஒரு முழத்தைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

கடைசி முழம் எது?

கம்பிலிருந்து தண்ணீருக்குள் இறங்குகிற நீள நரம்பைத் தாய் நரம்பு என்று வைத்துக் கொள்வோம். அதிலே ஈயக்குண்டு இருக்கும். ஈயத்துக்குக் கீழே, முள் வரைக்கும் போகிற துண்டு ஒன்று இருக்கிறதல்லவா? அதை நான் முள் நரம்பு என்று சொல்கிறேன். பல பேர் இதைத் தனியாகக் கட்டுவதே இல்லை. ஒரே நரம்பை மேலிருந்து கீழ் வரை விட்டு, நுனியில் முள்ளைக் கட்டி விடுகிறார்கள். அந்த விவசாயியும் அப்படித்தான் கட்டியிருந்தார். மீன் நேருக்கு நேர் சந்திப்பது இந்தத் துண்டைத்தான். ஆகவே இதைத் தனியாகத் தேர்ந்தெடுத்து, தனியாகக் கட்ட வேண்டும். எவ்வளவு நீளம், எந்தச் சரக்கு, எவ்வளவு பலம் என்ற மூன்று கேள்விக்கும் விடை தெரிந்து கட்ட வேண்டும்.

மீசைக்கார மீன் எப்படித் தின்கிறது?

முதலில் மீனைத் தெரிந்து கொள்வோம். சாதாக் கெண்டையின் வாயோரம் பார்த்திருப்பீர்கள். இரண்டு ஜோடி மீசை இருக்கும். இந்த மீன் நம் நாட்டுப் பூர்வீகம் இல்லை. 1939-ல் இலங்கையிலிருந்து நீலகிரிக்கு ஒரு ரகம் வந்தது. 1957-ல் பாங்காக்கிலிருந்து கட்டாக்குக்கு இன்னொரு ரகம் வந்து, அங்கிருந்து நாடு முழுவதும் பரவியது. இங்கிலாந்திலே தேம்ஸ், டிரென்ட், செவர்ன் முதலான ஆறுகளில் பார்பல் என்று ஒரு மீன் உண்டு. அதுவும் கெண்டைக் குடும்பம்தான்; அதற்கும் நாலு மீசை. அடியிலே மேய்கிற மீன். அங்குள்ளவர்கள் அதைச் சாப்பாட்டுக்காகப் பிடிப்பதில்லை. பிடித்து, எடை பார்த்து, உயிரோடு திரும்ப விடுகிறார்கள். திரும்ப விட வேண்டிய மீன் என்பதால் முள் நரம்பு விஷயத்தில் மிகவும் கவனமாக இருக்கிறார்கள். அந்தக் கவனத்தில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது.

மீசை எதற்கு? சேற்றிலே தடவிப் பார்க்கவும், ருசி பார்க்கவும்தான். கண் தெரியாத கலங்கல் தண்ணீரிலும் அது இரையைக் கண்டுபிடித்து விடும். கண்டதும் கடிக்காது. வாயைக் குழாய் போல நீட்டி, சேற்றோடு சேர்த்து உறிஞ்சும். உள்ளே இழுத்ததை வாயிலேயே சலித்துப் பார்த்து, மண்ணையும் கல்லையும் துப்பிவிடும். நம் வீட்டுப் பெண்கள் முறத்திலே அரிசி புடைக்கிற மாதிரி என்று வைத்துக் கொள்ளுங்கள். இதற்கு வாயிலே பல் கிடையாது, பல் எல்லாம் தொண்டையிலேதான். நல்ல இரை என்று நிச்சயமான பிறகுதான் தொண்டைக்கு அனுப்பி அரைக்கும்.

இப்போது யோசித்துப் பாருங்கள். நம் இரை விறைத்த நரம்பிலே தொங்கிக் கொண்டிருந்தால், உறிஞ்சும்போது மற்றத் தவிட்டு உருண்டைகள் உள்ளே போகும், நம் உருண்டை மட்டும் தயங்கி நிற்கும். மீன் உடனே துப்பிவிடும். தக்கை லேசாக ஒரு துள்ளு துள்ளி நின்று போகும். “சின்ன மீன் கொத்துது” என்று நாம் நினைத்துக் கொள்வோம். பல நேரம் கொத்துவது சின்ன மீன் அல்ல, பெரிய மீன் சலித்துப் பார்த்துத் துப்புகிறது.

எவ்வளவு நீளம்?

நீளத்துக்கு ஒரே அளவு கிடையாது. தண்ணீரையும் தரையையும் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

தரை கெட்டியான மணலாகவோ செம்மண்ணாகவோ இருந்தால் ஒரு சாண், அதாவது இருபது இருபத்திரண்டு செ.மீ. போதும். மீன் இரையை எடுத்துத் தலை தூக்கியதும் ஈயத்தின் கனம் தட்டும். முள் உதட்டோரத்தில் தைக்கும். கழற்றுவதும் சுலபம்.

அடியிலே சேறு இருந்தால் சாண் போதாது. ஈயம் சேற்றில் புதையும்போது குட்டையான முள் நரம்பையும் இரையையும் கூடவே இழுத்துப் புதைத்துவிடும். மீன் மேலே மேய்ந்து போய்விடும், இரை கீழே கிடக்கும். ஒன்றரைச் சாணிலிருந்து ஒரு முழம் வரை விடுங்கள். ஈயத்தையும் கனம் குறைத்துக் கொள்ளுங்கள். சேறு எவ்வளவு ஆழம் என்று தெரிய, வெறும் ஈயத்தை மட்டும் கட்டிப் போட்டு எடுத்துப் பாருங்கள். நரம்பிலே எது வரை சேறு ஒட்டியிருக்கிறதோ அது ஆழம். முள் நரம்பு அதைப்போல இரண்டு பங்காவது இருக்க வேண்டும்.

பாசியும் கொடியும் படர்ந்த தரையிலும் நீளம் வேண்டும். அப்போதுதான் ஈயம் பாசிக்குள் இறங்கினாலும் இரை பாசியின் மேல் படியும்.

வாய்க்காலிலும் ஆற்றிலும் தண்ணீர் ஓடும். ஓடுகிற தண்ணீரில் மற்ற இரையெல்லாம் உருண்டும் அசைந்தும் போகும்போது, குட்டையான நரம்பில் கட்டிய இரை மட்டும் முளைக்குச்சியில் கட்டின ஆடு போல ஒரே இடத்தில் நிற்கும். பழகின மீன் அதைத் தொடாது. தெளிந்த ஓட்டத்தில் ஒரு முழம் முதல் இரண்டு முழம் வரை விடலாம். இங்கிலாந்தில் பார்பல் பிடிப்பவர்களும் தெளிந்த ஆற்றிலே நீளமாகவும், வெள்ளம் வந்து கலங்கிய ஆற்றிலே குட்டையாகவும் கட்டுகிறார்கள். கலங்கலில் மீனுக்கு நரம்பு தெரியாது. நீளம் இருந்தால் அந்த வேகத்தில் சுற்றிக்கொள்ளும், அவ்வளவுதான்.

“அப்படியானால் எப்போதும் நீளமாகவே கட்டிவிட்டால் என்ன?” என்று நீங்கள் கேட்கலாம். அதிலே இரண்டு கெடுதல். ஒன்று, வீசும்போது தாய் நரம்போடு சுற்றிச் சிக்கலாகும். இரண்டாவது முக்கியம். நீளம் கூடினால் மீன் மாட்டியது நமக்குத் தாமதமாகத் தெரியும்; அதற்குள் அது இரையைத் தொண்டை வரைக்கும் இறக்கிவிடும். சமையலுக்கு எடுக்கிற மீனென்றால் பரவாயில்லை. கால் கிலோக் குஞ்சு மாட்டினால்? திரும்ப விட வேண்டிய மீன் தொண்டையில் முள்ளோடு பிழைக்காது. ஆகவே குஞ்சும் பெரியதும் கலந்திருக்கும் குட்டையில், தரை இடம் கொடுக்கிற வரைக்கும் குட்டையாகவே கட்டுங்கள்.

எந்த நரம்பு?

கடையிலே இப்போது மூன்று விதமான சரக்குக் கிடைக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம்.

முதலாவது, நாம் எல்லோரும் அறிந்த நைலான் நரம்பு. தங்கூஸ் என்றும் சொல்வார்கள். விலை மலிவு, முடிச்சு நன்றாகப் பிடிக்கும். இழுத்தால் கொஞ்சம் நீண்டு கொடுக்கும். இந்த நீண்டு கொடுக்கிற குணம் கம்புத் தூண்டிலுக்கு மிகவும் நல்லது. பெரிய கெண்டை திடீரென்று பாயும்போது அந்த வெட்டை நரம்பு வாங்கிக் கொள்ளும். குறை என்னவென்றால், நைலான் தண்ணீரை உறிஞ்சும். நனைந்த நைலானுக்குப் பத்தில் ஒரு பங்குக்கு மேலும் பலம் குறையலாம். வெயில் பட்டாலும் கெடும்.

இரண்டாவது, ஃபுளோரோகார்பன் நரம்பு. பார்வைக்கு நைலான் போலவே இருக்கும், விலை கூடுதல். தண்ணீரைப் போல ஒன்றே முக்கால் பங்கு அடர்த்தி. ஆகவே தரையோடு தரையாகப் படியும். தண்ணீருக்குள் நைலானை விடக் குறைவாகவே தெரியும். நீரை உறிஞ்சாது, கல்லில் உரசினாலும் தாங்கும். ஆனால் கொஞ்சம் விறைப்பு. அதனால் இதில் கட்டினால் அரைச் சாண் கூட்டிக் கட்டுங்கள். தெளிந்த தண்ணீர், கற்பாறை உள்ள ஆறு, இந்த இரண்டுக்கும் ஏற்றது.

மூன்றாவது, பின்னல் நூல். நூல் போலவே மெத்தென்று இருக்கும். இரை தங்கு தடையில்லாமல் மீனின் வாய்க்குள் போகும். மெல்லிசாக இருந்தும் பலம் அதிகம். சலித்துத் துப்புகிற மீனை ஏமாற்ற இதைப் போல வேறு இல்லை. ஆனால் குறைகளும் உண்டு. நீண்டு கொடுக்காது, கம்பு விறைப்பாக இருந்தால் மீனின் உதடு கிழியும். கூர்மையான கல்லிலும் கிளிஞ்சலிலும் சட்டென்று அறுபடும். நனைந்த கையில் சுற்றி இழுத்தால் உங்கள் விரலையும் அறுக்கும். பாலிஎத்திலீனில் செய்த பின்னல் தண்ணீரில் மிதக்கும். ஆகையால் நடுவிலே மிளகு அளவு ஈயம் ஒன்றைக் கடித்து விட்டால்தான் தரையில் படியும்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். சாதாக் கெண்டையின் முதுகுத் துடுப்பிலே முன்னால் ஒரு தடித்த முள் இருக்கிறது. அதன் பின்பக்கத்தைத் தடவிப் பாருங்கள், அரம்பப் பல் போல இருக்கும். பார்பல் மீனுக்கும் அப்படித்தான். ரோகுவுக்கும் மிருகாலுக்கும் கட்லாவுக்கும் இந்த முள் கிடையாது. சாதாக் கெண்டை புரண்டு பாயும்போது நரம்பு இந்த அரம்பத்தில் உரசினால் போதும், மெல்லிய நரம்பு அறுந்துவிடும். “கரைக்குப் பக்கத்துல வந்து, ஒரு புரள் புரண்டு போயிடுச்சு” என்று சொல்கிறோமே, பல தடவை காரணம் இதுதான். ஆகவே சாதாக் கெண்டைக் குட்டையில் கால் மி.மீ.க்குக் குறைந்த நைலானை முள் நரம்பாகக் கட்ட வேண்டாம்.

நமது பண்ணைக் குட்டைக்கும் கண்மாய்க்கும் மூங்கில் கம்பு வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது நைலான்தான். மீன் ரொம்பவும் சந்தேகப்பட்டுத் துப்பினால் மட்டும் பின்னல் நூலுக்குப் போங்கள். வாளை மீன் உள்ள நீர் என்றால் இந்த மூன்றும் உதவாது. அதற்கு வாயெல்லாம் பல். மெல்லிய எஃகுக் கம்பியில்தான் முள் கட்ட வேண்டும்.

ஃபியூஸ் போகிற இடம்

இனி பலத்துக்கு வருவோம். இன்றைய பேச்சிலே ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள்: முள் நரம்பு தாய் நரம்பை விடப் பலம் குறைந்ததாக இருக்க வேண்டும்.

கேட்பதற்கு விந்தையாக இருக்கும். மீன் மாட்டுகிற இடத்திலே பலம் குறைப்பதா? உங்கள் பம்பு செட்டிலே ஃபியூஸ் எதற்குப் போடுகிறீர்கள்? கோளாறு வந்தால் எங்கே அறுந்தால் நஷ்டம் குறைவோ அங்கே அறுந்து போகத்தான். ஃபியூஸ் கம்பிக்குப் பதிலாகத் தடித்த செம்புக் கம்பியைச் சுற்றி வைத்தால் ஃபியூஸ் போகாது, மோட்டாரே போய்விடும். தூண்டிலும் அதே கதைதான். மீன் வேரிலோ கல்லிலோ சிக்கி, அறுந்தே தீர வேண்டும் என்ற நிலை வந்தால், முள்ளுக்குப் பக்கத்தில் அறுபட்டால் மீன் முள்ளோடும் ஒரு சாண் நரம்போடும் போகும். பெரும்பாலும் பிழைத்துக் கொள்ளும். மேலே கம்பு நுனியில் அறுந்தால் பத்து முழம் நரம்பையும் ஈயத்தையும் தக்கையையும் இழுத்துக்கொண்டு போகும்.

அப்படிப் போன மீன் என்ன ஆகும் என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். கல்லூரியில் படிக்கும் காலத்தில் விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தேன். எங்கள் ஊர்க் கண்மாயில் கருவேல மரங்கள் தண்ணீருக்குள் நிற்கும். “அறுக்கவே முடியாத” தடித்த நரம்பை மேலிருந்து முள் வரைக்கும் ஒரே துண்டாகக் கட்டி உட்கார்ந்தேன். பெரிய மீன் ஒன்று மாட்டியது. கம்பு நுனியிலே முடிச்சு அவிழ்ந்து, மொத்த நரம்பும் மீனோடு போய்விட்டது. “தப்பிச்சிருச்சு” என்று வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னேன்.

நாலாம் நாள் தெருவிலே ஒரு தாத்தா என்னைக் கூப்பிட்டுக் கண்மாய்க்கு அழைத்துப் போனார். கருவேல மரத்தடியில் என் தக்கை மிதந்தது. நரம்பு வேரிலே நாலு சுற்றுச் சுற்றியிருந்தது. அதன் முனையில் அந்த மீன் செத்து ஊதிக் கிடந்தது. வயிறு ஒட்டி, வாய் கிழிந்திருந்தது. “மீனு தப்பிச்சிருச்சுன்னா நெனச்சே தம்பி? கட்டிப் போட்டுட்டுல்ல வந்திருக்கே” என்றார் அவர். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு நான் முள் நரம்பில்லாமல் தூண்டில் போட்டதில்லை.

கணக்கு இதுதான். இரண்டு, மூன்று கிலோ மீன் உள்ள குட்டைக்குத் தாய் நரம்பு 0.35 மி.மீ. என்றால், முள் நரம்பு 0.28 அல்லது 0.30 மி.மீ. இருக்கட்டும். சுற்றின் மேல் எழுதியிருக்கும் எடையைப் பார்த்து வாங்கினால், தாய் நரம்பு எட்டுக் கிலோ தாங்கும் என்றால் முள் நரம்பு ஐந்து அல்லது ஆறு கிலோ. அதற்கும் கீழே இறங்க வேண்டாம். ஃபியூஸ் கம்பி ரொம்ப மெல்லிசாகப் போனால் மோட்டார் போடுகிற ஒவ்வொரு தடவையும் போகுமல்லவா? அது போல ஒவ்வொரு மீனும் முள்ளோடு போகும்.

பின்னல் நூல் கட்டுபவர்கள் தடிமனைப் பார்த்து ஏமாறக் கூடாது. அது மெல்லிசாகவே இருக்கும், பலம் தாய் நரம்பைத் தாண்டிவிடும். எழுதியிருக்கும் எடையைப் பார்த்தே வாங்குங்கள்.

ஈயத்தையும் தாய் நரம்பில் இறுக்கிக் கட்டாதீர்கள். நடுவிலே துளையுள்ள ஈயத்தைக் கோத்து, ஓடும்படி விடுங்கள். கீழே முள் நரம்பு சேருகிற முடிச்சு அதைத் தடுத்து நிறுத்தும். மேலே அறுந்தாலும் ஈயம் நரம்பிலிருந்து கழன்று விழ வழி இருக்கும்.

முடிச்சும் சோதனையும்

அந்த விவசாயியின் தூண்டிலுக்குத் திரும்புவோம். அறுந்து வந்த நுனியைப் பார்த்தேன். பன்றிக்குட்டியின் வால் போலச் சுருண்டிருந்தது. அறுந்த நுனி எப்போதும் உண்மை பேசும். சுருண்டிருந்தால் முடிச்சு வழுக்கி அவிழ்ந்திருக்கிறது. சொரசொரத்துப் பிசிறியிருந்தால் கல்லிலோ துடுப்பு முள்ளிலோ உரசியிருக்கிறது. நீண்டு மெலிந்து அறுந்திருந்தால் தாங்க முடியாத இழுப்பு. அவர் இழந்த ஆறு முள்ளும் மீனின் பலத்தால் போகவில்லை, முடிச்சினால் போனது.

சாதாரணமாகப் போடுகிற ஒற்றை முடிச்சு நரம்பின் பலத்தைப் பாதியாகக் குறைத்துவிடும். இப்படிக் கட்டுங்கள். நுனியை முள்ளின் துளையில் விட்டு, தாய்ப் பக்கத்து நரம்பின் மேல் ஐந்து அல்லது ஆறு சுற்றுச் சுற்றுங்கள். பிறகு நுனியைத் திருப்பி, துளையை ஒட்டி உண்டாகியிருக்கும் சின்ன வளையத்துக்குள் விடுங்கள். இறுக்குவதற்கு முன்னால் எச்சில் தொட்டோ தண்ணீர் தொட்டோ நனைத்துக் கொள்ள வேண்டும். காய்ந்தபடி சர்ரென்று இழுத்தால் உராய்ந்து சூடேறி நரம்பு வெந்துவிடும். மெதுவாக இறுக்கி, நுனியை அரை அரிசி அளவு விட்டு வெட்டுங்கள்.

பலத்தைச் சோதிக்கத் தராசு வேண்டியதில்லை. ஒரு வாளி போதும். முள் நரம்பைத் தண்ணீரில் ஊறப் போடுங்கள். ஒரு முனையைத் தாழ்ந்த கிளையிலே கட்டி, மறு முனையை மேலே சொன்ன முடிச்சால் வாளியின் கைப்பிடியில் கட்டுங்கள். வாளி தரையிலிருந்து நாலு விரல் உயரம் இருந்தால் போதும். இனி லிட்டர் லிட்டராகத் தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு லிட்டர் ஒரு கிலோ. வாளியின் எடையையும் சேர்த்துக் கொள்ளுங்கள். எத்தனை கிலோவில் அறுகிறது, எங்கே அறுகிறது என்று பாருங்கள். சீக்கிரத்தில் முடிச்சிலே அறுந்தால் முடிச்சைத் திருத்த வேண்டும். அந்த விவசாயியின் நரம்பு இரண்டே முக்கால் கிலோவில் அவிழ்ந்தது. முடிச்சை மாற்றிக் கட்டிப் புது நரம்பு போட்டதும் ஐந்து கிலோவைத் தாண்டி நின்றது.

ஒவ்வொரு மீன் பிடித்த பிறகும் முள் நரம்பை நகத்துக்கும் விரலுக்கும் நடுவே இழுத்துப் பாருங்கள். சொரசொரப்புத் தட்டினால் வெட்டி எறிய வேண்டியதுதான். வெளுத்த நரம்பும் வேண்டாம். தூண்டிலைக் கூரையிலே வெயில் படச் செருகி வைக்காமல், நிழலில் வையுங்கள்.

வெட்டிய துண்டு

வெட்டி எறிய வேண்டும் என்றேன். கரையிலே எறியச் சொல்லவில்லை. நைலான் மக்காது. கரையில் கிடக்கும் நரம்பு மேய வருகிற ஆட்டின் காலிலும், கொக்கு நாரையின் காலிலும் சுற்றிக்கொள்ளும். சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடிப் பக்கத்து மக்கள், கண்மாய்க்கு வரும் பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்கு வெடியே வெடிப்பதில்லை. அவ்வளவு செய்யாவிட்டாலும், ஒரு முழம் நரம்பைச் சுருட்டிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வர நம்மால் முடியாதா?

ஊர்க் கண்மாயில் தூண்டில் போடுபவர்கள் மீன் குத்தகை யாரிடம் இருக்கிறதோ அவரிடம் முதலில் கேட்டுக் கொள்ளுங்கள். காவிரியின் மேல் பகுதியிலும் மோயாற்றிலும் மகசீர் என்ற பெரிய மீசைக்கார மீன் உண்டு. அதிலே திமில் உள்ள இனம் அழிவின் விளிம்பில் இருப்பதாக 2018-ல் உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் அறிவித்துள்ளது. தவறி அது மாட்டினால் தண்ணீரிலேயே வைத்து முள்ளைக் கழற்றி விட்டுவிடுங்கள்.

முடிவாக, சொன்னதைச் சுருக்கிச் சொல்கிறேன். குறித்துக் கொள்ளுங்கள்.

1. முள் நரம்பைத் தனியாகக் கட்டவும். தாய் நரம்பை விடப் பலம் குறைவாக இருக்கட்டும்.

2. கெட்டித் தரைக்கு ஒரு சாண். சேற்றுக்கும் பாசிக்கும் ஒன்றரைச் சாண் முதல் ஒரு முழம். தெளிந்த ஓட்டத்துக்கு ஒரு முழம் முதல் இரண்டு முழம்.

3. கம்புத் தூண்டிலுக்கு நைலான். கல்லுக்கும் தெளிந்த நீருக்கும் ஃபுளோரோகார்பன். துப்புகிற மீனுக்குப் பின்னல் நூல்.

4. முடிச்சை நனைத்து இறுக்கவும். வாளி கட்டிச் சோதிக்கவும்.

5. ஈயம் ஓட வேண்டும். வெட்டிய நரம்பு வீட்டுக்கு வர வேண்டும்.

அந்த விவசாயியைப் போன மாதம் பார்த்தேன். குட்டையை வற்ற வைத்து மீன் பிடித்தபோது இரண்டு மீனின் வாயில் அவருடைய பழைய முள் இருந்ததாம். இரண்டும் கூட விட்ட மீன்களில் பாதி எடைகூட இல்லையாம். “முள்ளு காசு போச்சுன்னு சொன்னேனே சார்” என்று சிரித்தார். பிறகு என்னை அழைத்துப் போய்ப் புதிதாகக் கட்டியிருந்த தூண்டிலைக் காட்டினார். கடைசி முழத்தை நகத்தால் தடவிப் பார்த்தேன். வழவழவென்று இருந்தது.